'கம்மி' இல்லாத படிவம்

"இன்னா மேடம், எம்பொண்ண மக்குன்னு எழுதிக்கீறியாமே?"

மீன் கூடையை அங்கன்வாடி வாசலில் இறக்கியபடி லில்லி கேட்டார். காசிமேட்டு மீன்காரர். எனக்கான மரியாதை 'மேடம்' என்ற சொல்லோடு முடிந்திருந்தது.

நான் அப்போது மேற்பார்வையாளர். முதல் நாள்தான் அவருடைய நான்கு வயது மகள் ஜெனிபரைச் சோதித்திருந்தேன். அட்டைப் படத்தில் இரண்டு தட்டுகள். ஒன்றில் ஆறு மீன், மற்றதில் இரண்டு. "எதில் குறைவாக உள்ளது?" என்று கையேட்டில் இருந்தபடி எழுத்துப் பிசகாமல் கேட்டேன். குழந்தை என் மூக்கைப் பார்த்தது. மூன்று முறை கேட்கலாம் என்பது விதி, கேட்டேன். 'அறியவில்லை' கட்டத்தில் டிக். 'அதிகம்', 'சமம்' இரண்டுக்கும் அதே கதி. மூன்று டிக் விழுந்தால் வளர்ச்சித் தாமதம் என்று டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அந்த முத்திரை பள்ளிக்கூடம் வரை பிள்ளையைத் துரத்தும்.

லில்லி அட்டையைப் பிடுங்கி, உள்ளே இருந்த மகளிடம் நீட்டினார். "ஜெனி, எதுல கம்மியா கீது?"

விரல் இரண்டு மீனில் விழுந்தது.

"ஜாஸ்தி?"

ஆறு மீன்.

கூடையிலிருந்து எட்டு மத்தி மீனை எடுத்து வாசலில் போட்டார். "ரெண்டு கூறு கட்டுமே. ஒரு கூறுல ஒண்ணு கூட இருந்திச்சுன்னா, வாங்க வர்றவ சண்டைக்கு வருவா."

நாலு, நாலு. எனக்குச் 'சமம்' சொல்லாத குழந்தை, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படிவத்துல 'கம்மி'ன்னு இல்லையேம்மா" என்றேன். முப்பது வருட சர்வீஸ் அப்படிப் பேச வைக்கும்.

"அப்போ படிவத்த இட்டுக்கினு போய் டாக்டராண்ட காட்டு."

படிவத்தை ரத்து செய்யக் காரணம் எழுத வேண்டும். 'கேள்வி கேட்டவருக்குக் குழந்தையின் சொல் தெரியவில்லை' என்று எழுதினேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "இந்தக் காரணத்துக்கு கோட் நம்பரே இல்ல மேடம்."

"புதுசா ஒண்ணு போடுங்க சார்."

புதிதாகச் சேரும் டீச்சர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் பிள்ளையின் சொல்லில் கேளுங்கள், அது தெரிந்த பிறகு புத்தகச் சொல்லைப் பக்கத்தில் வையுங்கள். 'கம்மி, குறைவு.' 'ஜாஸ்தி, அதிகம்.' அந்த அங்கன்வாடி டீச்சர் சுகந்தி அன்றிலிருந்து தினமும் இரண்டையும் சேர்த்தே சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டைப் பார்வையிடப் போனேன். ஜெனிபர் தட்டை நீட்டினாள்.

"டீச்சர், எனுக்கு மட்டும் குறைவா கீது!"

அளவு விதிப்படி சரியாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னேன்.