அரை மணி தெரியாத கடிகாரம்

ஜெர்மனியில் ஏதோ ஒரு கோபுரம் ரேடியோ அலையில் நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பயண அலாரக் கடிகாரம் அதைக் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுமாம். கம்பெனி ட்ரெயினிங்குக்கு அங்கே போய்வந்த அக்கா வீட்டுக்காரர் எனக்குக் கொடுக்கும்போது சொன்னார். கோபுரத்தின் குரல் உத்திரமேரூர் வரை எட்டவில்லை. மூலையில் ஒரு புள்ளி மட்டும் மின்னி மின்னி அதைத் தேடிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா, அர மணி முன்னாடி ஓடுதே?"

"மணிய மட்டுந்தாம்மா தள்ள முடியும். நிமிஷம் அங்கேர்ந்துதான் வரணும். அர மணி கணக்குல நேரம் வெச்சிக்கிற நாடு ஒண்ணு கீதுன்னு இத செஞ்சவனுக்கு யாரும் சொல்லல."

ஆனாலும் நல்ல கடிகாரம். சாவி வேண்டாம், கரண்டு வேண்டாம். தொட்டால் நீலமாய் வெளிச்சம். முதலில் முணுமுணுத்து, பிறகுதான் குரல் உயர்த்தும். அதற்குள் அணைத்துவிட்டால் குழந்தை புரளாது. நாலரைக்கு எழ அதில் ஐந்து வைப்பேன். உலகம் விழிக்கும் முன் ஒரு கழித்தல் கணக்கு. கண் எரியும், கணக்கு எரியும், அடுப்பு எரியும். செல்போனுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. விடியுமுன் பஸ் ஸ்டாண்டுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். இரண்டு முறை விட்டிருந்தேன்.

"இன்னொரு தரம் லேட்டுன்னா கேட்டோட திரும்பிப் போய்க்கினே இரு" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு ரைஸ் மில்லில் இரவு வேலை. அன்று மில் லீவு. நான் தூங்கிய பிறகு கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அரை மணி முன்னால் ஓடுகிறதே, பாவம், சீக்கிரம் எழுப்பிவிடுமே என்று அலாரத்தை அரை மணி தள்ளி வைத்துவிட்டார்.

அது முணுமுணுத்தபோது ஐந்தரை காட்டியது. கழித்துப் பார்த்தேன். ஐந்து.

"யோவ், இதத் தொட்டியா?"

"அர மணி கூட தூங்கட்டுமேன்னு..."

"நானே கணக்கு போட்டுதான்யா வெச்சிருந்தேன்!"

"அத சொல்ல வேணாமாம்மே?"

"நீ பகல்ல தூங்கறே, நான் ராத்திரில தூங்கறேன். எப்ப சொல்றது?"

வாய் பேசியது; கால் ஓடியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸோடு அவரும் பின்னால் ஓடிவந்தார். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பாய் கை விரித்தார். "இப்பதாம்மா போச்சு."

வாலாஜாபாத் போய், வண்டி மாறி, கேட் வரை போனேன். செக்யூரிட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. "உள்ள வுடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. போய் வேற எடம் பாரும்மா."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், தூக்கம் முந்திக்கொண்டது. எத்தனையோ மாதமாய் வராத தூக்கம். ஊர், ஏரி, எதுவும் தெரியவில்லை.

"எம்மா, உத்திரமேரூர் டிக்கெட்டுதானே எடுத்தே? அதத் தாண்டி பெருநகரே வந்துட்ச்சு, எறங்கு" என்று கண்டக்டர் எழுப்பினார்.

இறங்கினேன். வயல்களில் வெயில் கொட்டிக் கிடந்தது. எதிர்ப்பக்கம் போய் நின்றேன். உடம்பு லேசாக இருந்தது. வேலை போனது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.