அடுத்த வரி

பழைய கம்ப்யூட்டர் மூன்றை ஒப்பேற்றி ஆமத்தூரில் சாயங்கால வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றதும் அதிலிருந்து இறங்கும் ஒரு அக்கா, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகுகிறவர், நேரே எங்களிடம் வந்துவிடுவார். வெடிமருந்து கலக்குகிறவர், விரலிடுக்கெல்லாம் அலுமினியத் தூள் மினுங்கும். கீபோர்டைத் தொடுமுன் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை அழுத்துவார். மருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்குகிற பழக்கம்.

"இது வெடிக்காதுக்கா" என்று கிண்டலடிப்பேன்.

ஒரு நாள் சி.டி.யிலிருந்த பட்டாசுப் பாதுகாப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்: 'கலந்த மருந்தை இரவில் மிச்சம் வைக்கக் கூடாது. தானே தீப்பிடிக்கலாம்.'

முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, இன்னைக்கு ஒரு சட்டி மிச்சத்த மூடி வச்சுட்டுல்லா வந்துட்டேன். காலைல மொத ஆளாப் போயி தண்ணி ஊத்திரவா?"

"தாராளமா ஊத்துங்க. நனைஞ்சது எப்படிக்கா எரியும்?" டிகிரி முடித்த திமிர் எனக்கு.

அவர் அடுத்த வரிக்கு இறங்கினார். 'அலுமினியம் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் சூடேறி வெடிக்கும்.'

வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"படிச்ச புள்ள சொல்லுதேன்னு ஊத்தியிருப்பேனே" என்றார். கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"போர்மேனுக்கு இப்பவே போன் போடுவோம்க்கா..."

"போடுவோம். என்ன செய்யணும்னு கீழ எழுதியிருக்கும். நீ வாயத் தொறக்காத. நானே வாசிக்கேன்."

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ஒரே பார்வையில் முழுப் பக்கத்தையும் வாசித்துவிடக்கூடிய நான், மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.