பூட்டிய போனும் மிச்சமிருந்த ஒரு வாய்ப்பும்

நூரிஸ் பொலாங்கோவின் கடை என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸில், தொமினிக்கக் குடியரசுக்குப் பெட்டி அனுப்பும் யோக்காஸ்தாவின் கடைக்குள் சன்னலோரம் ஒரு மேசை, அவ்வளவுதான். ‘எந்தக் கம்பெனிப் போனும் திறந்து தரப்படும்’ என்ற பலகை அந்தச் சன்னலில் ஏழு வருடம் தொங்கியது. 2013 ஜனவரிக் கடைசியில் விதி மாறியது. இனி வாங்கும் புதுப் போனை, விற்ற கம்பெனி சம்மதிக்காமல் வேறு கம்பெனி சிம்முக்குத் திறந்துவிடக் கூடாதாம். நூரிஸ் பலகையைக் கழற்றினாள். ஆட்கள் வருவது நிற்கவில்லை. ஊருக்கு விமானம் ஏறுகிற தொமினிக்கர் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. தங்கைக்கு, மைத்துனனுக்கு என்று பெட்டியில் இரண்டு போனாவது இருக்கும். பூட்டைத் திறக்காவிட்டால் அங்கே அவற்றில் மணி மட்டும்தான் பார்க்கலாம்.

நூரிஸுக்கு நாற்பத்தொரு வயது. முன்பு ஊரில், சாந்தியாகோ நகரில் ஓர் அமெரிக்கப் போன் கம்பெனியின் அழைப்பு மையத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். “என் போனைத் திறக்கிற நம்பரைக் குடுங்க” என்று நியூயார்க்கிலிருந்து கூப்பிடுவார்கள். அந்த எட்டு இலக்கம் அவள் திரையிலேயே இருக்கும். சொல்லச் சொல்லி கம்பெனி கொடுத்த வாசகமோ வேறு: ‘ஒப்பந்தம் முடியவில்லை, மன்னிக்கவும்.’ நாளைக்கு எண்பது தடவை, எண்ணைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இல்லை என்று சொன்னாள். நியூயார்க் வந்த பிறகுதான் அந்த எண்களை விற்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. போனின் பதினைந்து இலக்க அடையாள எண்ணை அனுப்பினால் அதற்கான திறப்பு எண் வரும். அனுப்புகிறவர் யார், எந்த நாடு என்று அவள் கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எலிஹியோ வந்தார். பக்கத்துத் தெருவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றைப் பராமரிப்பவர்; மரியாதைக்கு எல்லாரும் ‘தோன்’ சேர்த்துக் கூப்பிடுவார்கள். அன்று நாலு மணிக்கு விமானம்.

“மகளே, இதைத் திறந்து குடு. என் அக்கா துல்சேவுக்கு.”

இழுத்தால் எழுத்து விசைப்பலகை வெளியே வரும் போன். ஊரில் இருக்கும் துல்சேவுக்குக் காது கேட்காது. பத்தொன்பது வருடமாக எலிஹியோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பேசுவார். அவள் போய்க் கையசைத்துத் துல்சேவிடம் சொல்லுவாள், பாதியைத் தானே சேர்த்துக்கொள்வாள். இந்தப் போன் வேலை செய்தால் அக்கா தம்பிக்கு நேராக எழுதலாம்.

“எப்ப வாங்குனீங்க, தோன் எலிஹியோ?”

“போன வாரம்.”

“புது விதி தெரியுமில்ல?”

“எங்க கட்டடத்துலயும் நாய் வளர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஏழு நாய் இருக்கு.”

நூரிஸ் சிரித்துக்கொண்டே வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. தவறான எண்ணைப் பத்து முறை போட்டால் அந்தப் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். ஒரு முறைதான் மிச்சம் என்றது திரை.

“ஒன்பது தடவை யார் போட்டது?”

“முடிவெட்டுற கடையில எல்லாரும் சேர்ந்துதான். ஒருத்தன் அக்கா பிறந்த நாளைப் போட்டான். ஒருத்தன் அன்னைக்கு லாட்டரில விழுந்த நம்பரைப் போட்டான்.”

“லாட்டரியே உங்க பேருக்கு விழல, போன் எங்கே தொறக்கும்?” என்றாள் யோக்காஸ்தா, பெட்டிக்கு ஒட்டுநாடா சுற்றியபடியே.

நூரிஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் நேரக் கூட்ட நெரிசலில் கற்றுக்கொண்டது: பேட்டரியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே படித்து அனுப்பிவிடுவது. அன்றும் அப்படியே அனுப்பினாள். பதினொன்றரைக்குத் திறப்பு எண் வந்தது. ஏழு இலக்கம் அழுத்திவிட்டாள்.

“பாத்து, மகளே. அந்தப் பின்பக்கம் கொஞ்சம் ஆடும். வாங்குன அன்னைக்கே படிக்கட்டுல போட்டு ஒடைச்சுட்டேன். யாரோ குப்பையில போட்ட அதே மாதிரி போன்லேர்ந்து பேட்டரிக் கூட்டோட கழட்டி மாட்டுனேன்.”

நூரிஸ் விரலை எடுத்தாள். அழுத்தியதையெல்லாம் அழித்தாள். அதற்கான குறியீட்டை அழுத்திப் போனிடமே அதன் அடையாள எண்ணைக் கேட்டாள். திரையில் வந்ததன் முதல் எட்டு இலக்கம் ஒட்டியிருந்ததேதான், ஒரே வகைப் போன் அல்லவா. மற்ற ஏழும் வேறு.

“நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்றார் எலிஹியோ.

“இல்ல, நான்தான். போனைக் கேக்காம ஒட்டுன சீட்டை நம்பிட்டேன்.”

சரியான எண்ணை அனுப்பினாள். ஒரு மணி வரை பதில் இல்லை. எலிஹியோ கடிகாரத்தையும் தெருவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“கிளம்புங்க. நம்பர் வந்ததும் அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கு அனுப்பறேன். எழுத்தாத்தான் அனுப்புவேன், வாயால சொல்ல மாட்டேன். உள்ளூர் சிம்மைப் போட்டு, பாத்துப் பாத்து அழுத்துங்க. ஒரே தடவைதான்.”

“எனக்குக் கை நடுங்குமே, மகளே.”

“உக்காந்துக்கிட்டு அழுத்துங்க.”

மூன்று மணிக்கு எண் வந்தது. மூன்று முறை சரிபார்த்து அனுப்பினாள். புதன்கிழமை ஒரு செய்தியும் இல்லை. அன்று வந்த எந்தப் போனிலும் சீட்டைப் படிக்கவில்லை. ஒவ்வொரு போனையும் உயிர்ப்பித்து அதனிடமே எண்ணைக் கேட்டாள், வரிசை வாசலைத் தாண்டி நின்றது. “என்னடி, தபால் ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சு?” என்று யோக்காஸ்தா கடுகடுத்தாள்.

வியாழன் மதியம் தெரியாத தொமினிக்க எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

‘நான் துல்சே. தம்பிக்குக் கை நடுங்கியது. நான்தான் பிடுங்கி அழுத்தினேன். நீதான் போன்காரியா? இவன் அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? நன்றாகச் சாப்பிடுகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரி இத்தனை வருடமாகச் சொல்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை. உண்மையைச் சொல்.’

நூரிஸ் அதை வாய்விட்டுப் படித்தாள்.

“நல்லா சாப்பிடறார்னு போட்டுவிடு, வம்பு எதுக்கு?” என்றாள் யோக்காஸ்தா.

நூரிஸ் கொஞ்சம் யோசித்து எழுதினாள்: ‘ஆமாம், போன்காரிதான். இளைத்துத்தான் இருக்கிறார். கோட்டு இரண்டு அளவு பெரிதாகத் தொங்குகிறது. திரும்ப அனுப்புவதற்குள் நன்றாகச் சாப்பாடு போடுங்கள்.’

அடுத்த நிமிடமே பதில் வந்தது: ‘தெரியும்.’