சட்டையில் பூத்த காகிதப்பூ

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மானம் போன கதை. ஆனால் சட்டைக் கறை எப்படியும் காட்டிக் கொடுத்துவிடும்.

மாலை நான்கு மணிக்கு ஆரணியில் எனக்குப் பெண் பார்க்க வேண்டும். வீட்டார் வேனில் வருவார்கள். நான் மட்டும் சந்தவாசலில் பஸ் ஏறி முன்னதாகவே வந்துவிட்டேன். ஆற்றங்கரைப் பூங்காவில் சித்திரைத் திருவிழாக் கூட்டம். வேலி முழுக்கக் காகிதப்பூ ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்குகிறது. வெள்ளைச் சட்டையோடு அதில் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறேன். முதுகு சில்லென்கிறது.

"யோவ்! அது பூ இல்லய்யா, பட்டு நூலு! இப்பத்தான் சாயம் போட்டுக் காய வெச்சேன்!" கையெல்லாம் ரோஸ் சாயத்தோடு ஒருவர் ஓடி வருகிறார்.

"பார்க்குல நூல் காயப்போட்டா தேனீயே ஏமாந்துடும் தாத்தா. இதுக்குப் போயி கத்திகினு கீற!"

"யாருய்யா தாத்தா? எம்பொண்ணப் பாக்க நாலு மணிக்கு சந்தவாசல்லேர்ந்து மாப்ள வராரு. அதுக்குள்ள ஜல்தியா வேலய முடிக்கலாம்னா, உன்னோட பேஜாரு!"

மெதுவாக நகர்ந்து போய், நண்பன் குமாருக்கு எல்லாவற்றையும் போனில் அனுப்பிக் கேட்கிறேன்: "வேற சட்ட வாங்கட்டா மச்சான்?"

உடனே பதில் வருகிறது: "சட்டய வுடு மச்சான், வேற மூஞ்சி கெடைக்குமான்னு பாரு."