வெளியூர் போயிருக்கிறார் என்று எழுதினேன்

இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த சமயம். களமருதூரில் எங்கள் தெருவில் இருந்த முன்னாள் ராணுவ வீரரையும் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்துவிட்டார்கள். அவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தெருவில் எல்லோருக்கும் மனு எழுதித் தருவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சிறை என்று எழுதினால் திருடன் மாதிரி தெரியுமே என்று எனக்குக் கூச்சம். 'கணவர் வெளியூர் சென்றிருப்பதால் நேரில் வர இயலவில்லை' என்று எழுதினேன். படித்துக் காட்டவில்லை.

"நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று அக்கா கைநாட்டு வைத்தார்.

மனுவோடு நானும் அக்காவுடன் போனேன். கருவூலத்தில் எழுத்தர் கேட்டார். "வூட்டுக்காரர் எங்கம்மா?"

"ஜெயில்ல இருக்காருங்க."

"வெளியூர்னு கைநாட்டு வெச்சிருக்கியே! பொய் மனுவா? உன்னையும் அங்கயே அனுப்பிடவா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாங்க மாத்திச் சொல்லிட்டேன். பொண்ணு மேல தப்பில்லீங்க" என்றார் அக்கா எழுத்தரிடம்.

வெளியே வந்ததும் சொன்னார்: "ஜெயில்னே எழுதும்மா. அவரு இன்னா திருடிட்டா போனாரு?"

எழுதினேன். அந்த மனுவின் பேரில் சிறை அதிகாரி சான்றில் கையெழுத்திட்டார், பென்ஷன் நிற்கவில்லை. என்னால்தான் கிடைத்தது என்று அக்கா தெருவெல்லாம் சொன்னார். அந்தப் பாராட்டையும் நான் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். கருவூலத்தில் வாய் திறக்காமல் நின்றதைவிட அதுதான் இன்றும் என்னை அதிகம் உறுத்துகிறது.