மூன்றாவது முறை வந்த மாரியாயி

எழுபதுகளில் இலங்கையின் பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கோப்புகள் எழுதும் லிகிதராக இருந்தேன். நாடற்றவர்களாக இருந்த தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் என்னிடமிருந்து தலைமை லிகிதருக்கும், பிறகு உதவி அரசாங்க அதிபருக்கும் போய், அவர் கையெழுத்தோடு கொழும்புக்குப் போகும்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மாரியாயி தன் விண்ணப்பம் என்னாயிற்று என்று கேட்டு மூன்றாவது முறை வந்தபோதும், "மேல அனுப்பியாச்சும்மா" என்றேன். பொய். சோம்பலில் அதை என் மேசை லாச்சியிலேயே போட்டிருந்தேன். லாச்சி பாதி திறந்திருந்தது. தன் படம் ஒட்டிய விண்ணப்பத்தை அவள் பார்த்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, முன்பும் அவளை அங்கே கண்டிருந்த உதவி அதிபர் வந்தார். "யாரும்மா உங்கள அலைய வைக்கிறது?"



"யாருமில்லீங்க. இந்த ஐயா இன்னைக்கு முடிச்சுத் தர்றேன்னாருங்க" என்றாள்.

அன்றே மேசை மேசையாக நானே தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினேன். அவளுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதன்பிறகு யாரையும் நான் வீணாக அலைய விட்டதில்லை. நிம்மதியாக ஓய்வு பெற்றேன்.