ஆடியில் எழுதிய முப்பது பெயர்கள்

ராஜபாளையத்தில் எங்கள் போர்டு பள்ளியில், ஒன்றாம் வகுப்புக்குக் கீழே நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன வகுப்பு திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய காலம். டிரெயினிங் முடித்து வந்து எனக்கு இரண்டாவது வருஷம். ஹெட்மாஸ்டர் அந்த வகுப்பை என் தலையில் கட்டினார். நானும் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த டிப்டி இன்ஸ்பெக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "மூணு வாரம் கழிச்சு வருவேன். ரிஜிஸ்டர்ல முப்பது பேரு இருக்கணும். இல்லேன்னா இந்த வகுப்புக்கான சாங்ஷன வேற ஊருக்குக் குடுத்துருவேன்."

அந்த மூன்று வாரமும் ஆடி மாதம். ஆடியில் இங்கே யாரும் எதையும் புதிதாகத் தொடங்குவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் அதில் அடக்கம். நான் கிறிஸ்தவப் பெண். எங்கள் வீட்டில் ஆடியும் ஆவணியும் காலண்டரில் இருக்கும் பெயர்கள், அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு காரணமா என்று உள்ளூர எரிச்சல் வேறு.

அந்த வகுப்பு எனக்கு வேண்டியிருந்தது இராமலட்சுமிக்காக. மூன்றாம் வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவள் அம்மா பேச்சியம்மாள் களை வெட்டப் போகும் நாளெல்லாம், தம்பி முனியாண்டியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நின்றுவிடுவாள். தம்பிக்குப் பள்ளியில் ஓர் இடம் கிடைத்தால் அக்காளும் தவறாமல் வருவாள். அவளைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள்.

பேச்சியம்மாளிடம் போய்க் கேட்டேன்.

"ஆடியில எவளாவது பிள்ளையச் சேப்பாளா டீச்சரம்மா? சும்மா வந்து வெளையாடட்டும். பேரு மட்டும் எழுதிறாதிய. ஆவணி பொறக்கவும் நானே தேங்கா பழத்தோட வந்து சேக்கேன்."

"எழுத மாட்டேன்க்கா" என்றேன்.

மற்ற வீடுகளிலும் அதே பேச்சு, அதே வாக்கு. மறுநாளே அக்காள்மாரின் இடுப்பில் ஏறிப் பிள்ளைகள் வந்து சேர்ந்தன. அந்த நாட்களை இன்று நினைத்தாலும் மனசு குளிர்கிறது. கண்மாய்க் களிமண்ணில் மாடு செய்தோம். புளியமுத்தை வைத்து எண்ணினோம். மதியக் கஞ்சி குடித்ததும் முப்பது பேரும் கண்ட இடத்தில் தூங்கிப்போவார்கள். முனியாண்டி என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். இராமலட்சுமி ஒரு நாள் கூட லீவு போடவில்லை.

ஆனால் ரிஜிஸ்டர் வெறுமையாக இருந்தது. டிப்டி வருவதற்கு முந்தின சாயங்காலம் உட்கார்ந்து முப்பது பெயரையும் எழுதினேன். ஆவணி பிறக்க இன்னும் ஒரே வாரம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

டிப்டி ரிஜிஸ்டரை விரித்துவைத்து, ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் கஞ்சிச் சட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"முனியாண்டி!"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே வந்து மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சத்தம்கூடப் போடவில்லை. "எழுத மாட்டேன்னு சொன்னியள்ல?" என்று என்னிடம் கேட்டாள். இராமலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சேதி தெருவுக்குப் போனது. மூன்று மணிக்கெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளை இல்லை.

என்ன நடந்தது என்று டிப்டி கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வர்ற தேதிய ஆவணிக்குத் தள்ளிப் போட்டிருப்பேனேம்மா. எங்க வீட்லயும் அப்படித்தானே" என்றார். எனக்கு அழுகை வந்தது. கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாங்ஷனை அவர் நிறுத்திவைத்தார், ரத்து செய்யவில்லை.

அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஆவணியில் வீடு வீடாகப் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். திட்டினார்கள், திட்டிவிட்டுப் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஐப்பசிக்குள் முப்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள், வகுப்பு நிலைத்தது. பேச்சியம்மாள் மட்டும் மசியவில்லை. பெயர் எழுதிய அந்த வாரமே முனியாண்டிக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. ஆடியில் எழுதியதால்தான் அது வந்தது என்று அவள் நம்பினாள்; குணமாகியும் அவள் மனம் ஆறவில்லை.

"ஒங்க வகுப்பு நெலச்சிருச்சுல்ல டீச்சரம்மா, அது போதும்" என்றாள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மேலே இருப்பவரிடம் தவணை கேளுங்கள்; கீழே இருப்பவருக்குக் கொடுத்த வாக்கை மீறி அந்தக் கெடுவைச் சரிக்கட்டாதீர்கள். நான் யாருக்காக அந்த வகுப்பைத் தொடங்கினேனோ, அந்த இராமலட்சுமி மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.